அரண்மனை ஆஸ்பத்திரி

லண்டன் விக்டோரியா ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் பிரைட்டன் வந்துவிடுகிறது. நம் நாட்டில் ஒரு மணி நேர ரயில் பிரயாணத்தைப் பிரயாணத்தில் சேர்ப்பதே வழக்கமில்லை. கட்டுச்சாத மூட்டையை அவிழ்ப்பதற்குள் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டால் அதற்குப் பிரயாணம் என்று பெயர் வைப்பானேன்? ஆயினும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆங்கில நாட்டின் நாட்டுப்புறத்தை ஒருவாறு பார்த்து விடலாம். பச்சைப் பசேலென்ற மேடுகள், வேலிகள், ஆட்டு மந்தைகள், பிறகு திடீரென்று கடல்.

பிரைட்டன் கடற்கரையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மெரினாவின் மணலில் நடந்து பழகிய கால்களுக்கு அது ஒரு தண்டனை. மணல் என்பதே கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் கூழாங்கற்கள். அவற்றின்மேல் துணியை விரித்துப் படுத்துக்கொண்டு, வெயில் அடிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருக்கும் வெள்ளைக்காரர்களின் பொறுமையை நாம் மனமார வியந்தோம்.

ஆனால் நாம் சென்றது கடலைப் பார்ப்பதற்காக அல்ல. ஸ்டேஷனில் நமக்காகக் காத்திருந்த நண்பர் ஒரு டாக்டர். கும்பகோணத்துக்காரர், முப்பது வருஷமாக அந்த நாட்டில் வைத்தியம் செய்கிறார். "முதலில் அரண்மனையைப் பாருங்கள், பிறகு மேட்டின்மேல் இருக்கும் சத்ரிக்குப் போவோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்" என்றார்.

அரண்மனையைக் கண்டதும் நமக்குச் சிரிப்பு வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். எழும்பூர் ஸ்டேஷனும், ஹைகோர்ட் கட்டடமும், சேப்பாக்கத்து அரண்மனையும் ஒன்று கூடி ஆலோசனை செய்து, சீமையில் தங்களுக்கு ஓர் உறவினரைச் சிருஷ்டித்தது போல் இருந்தது. வெங்காய வடிவமான கும்மட்டங்கள், ஸ்தூபிகள், மெல்லிய தூண்கள். எல்லாம் சாம்பல் நிற ஆகாயத்தின் கீழே நனைந்துகொண்டு நிற்கின்றன. நான்காம் ஜார்ஜ் மன்னர் இளவரசராக இருந்த காலத்தில் உல்லாசத்துக்காக ஏற்படுத்திய மாளிகை இது. 1815 முதல் சில வருஷங்களில் ஜான் நாஷ் என்னும் சிற்பி இதற்கு இந்திய வேஷம் போட்டார். வெளியே இந்தியா என்றால் உள்ளே சீனா! சுவரெங்கும் சீனச் சித்திரங்கள், கூரையிலே டிராகன்கள், தாமரைப்பூப் போன்ற விளக்குகள். சிற்பியோ இந்தியாவையும் பார்த்ததில்லை, சீனாவையும் பார்த்ததில்லை. விக்டோரியா மகாராணிக்கு இந்த வேடிக்கை பிடிக்கவில்லை. 1850-ஆம் வருஷத்தில் பிரைட்டன் நகரமே அரண்மனையை விலைக்கு வாங்கிக்கொண்டது. இந்த வருஷத்தை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1914-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் முதல் உலக மகா யுத்தம் ஆரம்பமாயிற்று. செப்டம்பர் மாதக் கடைசியில் இந்தியப் படைகள் மார்ஸேல்ஸ் துறைமுகத்தில் இறங்கின. அக்டோபரில் அவர்கள் பெல்ஜியத்தின் ஈப்ரே நகரத்தருகே அகழிகளில் நின்றார்கள். பஞ்சாபியர், கூர்க்கர், கட்வாலியர், பட்டாணியர், டோக்ரர். பெரும்பாலும் நிலத்தை உழுது பிழைத்த குடியானவர்களின் பிள்ளைகள். வட ஐரோப்பாவின் குளிருக்கு வேண்டிய உடுப்புகள் எல்லோருக்கும் வந்து சேரும் முன்பே சண்டை வந்து சேர்ந்துவிட்டது. காயம்பட்டவர்களைக் கப்பலேற்றி இங்கிலாந்தின் தென் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கென்று ஆஸ்பத்திரிகள் வேண்டியிருந்தன. பிரைட்டன் நகரத்தார் தங்கள் அரண்மனையைக் கொடுத்தார்கள். அதை ஒட்டிய 'டோம்' என்னும் பெரிய வட்ட மண்டபமும், கார்ன் எக்ஸ்சேஞ்சு மண்டபமும் அதனுடன் சேர்ந்தன. எல்லாவற்றிலும் சேர்த்து 700-க்கு மேற்பட்ட படுக்கைகள். 1914 டிசம்பரில் நோயாளிகள் வந்து சேர்ந்தார்கள். நகரத்தில் பள்ளிக்கூடம் ஒன்றும், ஏழைகள் விடுதி ஒன்றும்கூட இந்திய ஆஸ்பத்திரிகளாக மாறின. ஏழைகள் விடுதிக்குக் கிச்சனர் ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்தார்கள்.

அரண்மனை ஆஸ்பத்திரியின் ஏற்பாடுகளைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் ஆச்சரியமாயிருக்கும். சமையலறைகள் மட்டும் ஒன்பது! ஜாதிக்கும் மதத்துக்கும் ஏற்றவாறு தனித்தனிச் சமையல்காரர்கள். ஹிந்துக்களுக்கு ஒரு குழாய், முஸ்லிம்களுக்கு ஒரு குழாய். சீக்கியர்களின் வழிபாட்டுக்குத் தோட்டத்தில் ஒரு கூடாரம். முஸ்லிம்களின் தொழுகைக்குக் கிழக்குப் புல்வெளி. இளவரசருக்கு எத்தனையோ விதமான விருந்துகள் சமைத்த பெரிய சமையலறை ரணசிகிச்சை அறையாக மாறிற்று. 'டோம்' மண்டபத்தைப் பற்றி டாக்டர் நண்பர் ஒரு விஷயம் சொன்னார்: "இவ்வளவு பெரிய கும்மட்டத்தை எதற்காகக் கட்டினார்கள் தெரியுமா? இளவரசருடைய குதிரைகளுக்காக. லாயம், ஸார், லாயம்!" உண்மைதான். 1803-இலிருந்து ஐந்தாறு வருஷம் பாடுபட்டு அந்த லாயத்தைக் கட்டினார்கள். பின்னால் அது சங்கீத மண்டபமாயிற்று. இன்றும் அப்படியே இருக்கிறது. நாம் சென்ற அன்று வாசலில் ஏதோ கச்சேரிக்கு விளம்பரம் ஒட்டியிருந்தார்கள்.

அரண்மனையின் மாடியில் அந்த ஆஸ்பத்திரியின் ஞாபகமாக ஓர் அறை வைத்திருக்கிறார்கள். நம்மை இழுத்துச் சென்றது அந்த அறையில் உள்ள புகைப்படங்கள்.

பிரைட்டனைச் சேர்ந்த புகைப்படக்காரர்கள் எடுத்த படங்கள். சங்கீத மண்டபத்தின் தாமரை விளக்குகளின் கீழே வரிசை வரிசையாகக் கட்டில்கள். வெள்ளை வெளேரென்ற விரிப்புகள். ஒரு சுருக்கம் கிடையாது. தலைப்பாகை அணிந்த வீரர்கள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் சிப்பந்திகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இன்னொரு படத்தில் புல்வெளியில் நாற்காலிகள்; பின்னால் கும்மட்டங்கள். ஒருவர் கையில் கட்டு, ஒருவருக்கு ஊன்றுகோல். யாவரும் காமராவைப் பார்க்கிறார்கள். முதல் பார்வைக்கு ஏதோ ராஜ குடும்பத்துக் கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகள் போல் இருக்கிறது.

அப்படி இருக்கவேண்டும் என்பதுதான் நோக்கம். இந்தப் படங்கள் தபால் கார்டுகளாக அச்சாகி ஏராளமாய் விற்பனையாயின. 1915-இல் அரண்மனையின் சரித்திரத்தையும் ஆஸ்பத்திரியின் வர்ணனையையும் ஆங்கிலம், குர்முகி, உருது ஆகிய மூன்று பாஷைகளிலும் படங்களுடன் புத்தகமாகப் போட்டு 20,000 பிரதிகள் அச்சிட்டார்கள். காயம்பட்ட சிப்பாய் அதை ஊருக்கு எடுத்துப் போவான். கிராமத்துச் சாவடியில் நாலு பேர் பார்ப்பார்கள். சர்க்காருக்கு நல்ல பெயர் உண்டாகும். அடுத்த வருஷம் ஆள் சேர்க்க வரும்போது வேலை சுலபமாகும். மன்னர் தம் சொந்த அரண்மனையைக் காலி செய்து சிப்பாய்களுக்குக் கொடுத்தார் என்ற கதை இந்தியாவில் பரவிற்று. அதை மறுக்க யாருக்கும் அவசரமில்லை. 1850-ஐ நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னோமே, அது இதற்காகத்தான். அரண்மனை மன்னருடையதாக இல்லாமற் போய் அப்போது அறுபத்து நாலு வருஷம் ஆகியிருந்தது!

ஆனால் ஏற்பாடுகள் பொய் என்று நாம் சொல்லவில்லை. படுக்கை மெத்தென்றுதான் இருந்தது. வைத்தியர்கள் திறமைசாலிகள். பிரைட்டன் ஜனங்கள் அன்பாக வரவேற்றார்கள் என்பதிலும் சந்தேகமில்லை. வேறொரு விஷயம்தான் நம் மனத்தை உறுத்திற்று. அறுநூறு எழுநூறு காயம்பட்ட மனிதர்கள் படுத்திருக்கும் ஓர் இடத்தின் படங்களை அரைமணி நேரம் பார்த்தோம். அவற்றில் வலி எங்கே இருக்கிறது?

"வலியைப் போட்டோ பிடிக்க முடியாது" என்றார் டாக்டர். "கட்டைப் பிடிக்கலாம், ஊன்றுகோலைப் பிடிக்கலாம். எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரேயும் அதற்கு மேற்பட்ட யந்திரங்களும் இருக்கின்றன. எலும்பு முறிந்திருப்பது அவற்றில் தெரியும், வலிப்பது தெரியாது. இவ்வளவு சாஸ்திரம் வளர்ந்த பிறகும், வலி எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு என்ன வழி என்று நினைக்கிறீர்கள்? நோயாளியையே கேட்கிறோம். பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் ஓர் எண் சொல்லுங்கள் என்கிறோம். வலியே இல்லை என்றால் பூஜ்யம். இதைவிடப் பெரிய வலி இருக்க முடியாது என்றால் பத்து. ஒரு கிழவர் மூன்று என்பார்; போர்வையை விலக்கினால் நமக்கு மயக்கம் வரும். இன்னொருவர் பத்திரிகை படித்துக்கொண்டே பத்து என்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று நம் பாட்டிமார்கள் சொல்லி வைத்தது நினைவுக்கு வந்தது. பிறர் துன்பத்தை அலட்சியம் செய்பவனைக் கண்டிக்கும் பழமொழி என்றே அதுவரை எண்ணியிருந்தோம். அந்த அறையில் நின்றபோது அதற்கு இன்னொரு பொருள் தோன்றிற்று. அன்புள்ளவனுக்குந்தான் பிறர் தலைவலி தெரிவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்க்கலாம், அவ்வளவுதான்.

டாக்டர் மேலும் சொன்னார்: "நம் பாஷையில் வலிக்கு எத்தனை வார்த்தை! குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு. என் பாட்டி ஒரே முழங்காலுக்கு இத்தனையும் சொல்வாள். இங்கே நம் ஊர்ப் பெரியவர்கள் யாராவது வந்தால், குடைச்சலுக்கும் உளைச்சலுக்கும் இங்கிலீஷ் தெரியாமல் தவிப்பார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வார்த்தை சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள்." நூறு வருஷங்களுக்கு முன் இதே மண்டபங்களில் படுத்திருந்த கூர்க்கனும் கட்வாலியும் பட்டாணியனும் தத்தம் பாஷையில் என்னென்ன சொன்னார்களோ! இந்தியாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய துரைகள் அங்கே அலுவல் பார்த்தார்கள். அவர்களுக்கு ஹிந்துஸ்தானி தெரியும். ஹிந்துஸ்தானி தெரியாத வலிகளும் இருந்திருக்குமல்லவா?

அப்போதுதான் ஒரு படத்தில் நாம் அந்த முகத்தைப் பார்த்தோம்.

அந்தக் காலத்துக் காமராவில் பெரிய மண்டபத்தின் உட்புறத்தைப் படம் எடுக்க வேண்டுமானால் கண்ணாடித் தகட்டை நெடுநேரம் வெளிச்சத்துக்குக் காட்ட வேண்டும். அதுவரையில் யாரும் அசையக்கூடாது. அசைந்தால் உருவம் கலைந்துவிடும். கட்டில்களும் தூண்களும் கத்தியால் வெட்டியதுபோல் துல்லியமாய் விழுந்திருக்கின்றன. வீரர்களும் பட்டாளத்து வழக்கப்படி அசையாமல் இருந்திருக்கிறார்கள். மூன்றாவது வரிசையில் ஒருவருடைய முகம் மட்டும் கலங்கியிருந்தது. தலையைத் திருப்பினாரா, இருமினாரா, ஈயை ஓட்டினாரா? அல்லது படக்காரர் தகட்டை மூடும் வரையில் அவரால் பொறுத்துக்கொண்டிருக்க முடியவில்லையா? மூக்கும் கண்ணும் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெண்மையான புகை இருந்தது. நாம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தோம். கண்ணாடியில் குற்றமில்லை.

அரண்மனைப் படங்களில் மிகவும் பிரசித்தமானவை 1915 ஆகஸ்டு 25-ஆம் தேதி எடுத்தவை. அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நேரில் வந்து ஜமேதார் மீர் தஸ்த் என்பவருக்கு விக்டோரியா கிராஸ் பதக்கம் அளித்தார். மீர் தஸ்த் திராப் பிரதேசத்து அப்ரீதிப் பட்டாணியர். அந்த வருஷம் ஏப்ரல் 26-ஆம் தேதி ஈப்ரே போர்க்களத்தில் ஜெர்மானியர் விஷப் புகையை விட்டபோது, எஞ்சிய வீரர்களைத் திரட்டி நின்று, எட்டு வெள்ளைக்கார, இந்திய அதிகாரிகளைக் குண்டு மழைக்கு நடுவே பத்திரமான இடத்துக்குக் கொண்டுசேர்க்க உதவியவர். மன்னர் கையால் பதக்கம் பெறும் அந்த வைபவத்தின் படங்களைப் பத்திரிகைகள் விழுந்து விழுந்து பிரசுரித்தன. அதே மீர் தஸ்த் சில வாரங்களுக்கு முன் பிரைட்டனிலிருந்து தம் சிநேகிதருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பதக்கம் நல்லதுதான், ஆனால் அந்தப் புகை தம்மை ஓயவிடவில்லை, தம் கதையை முடித்துவிட்டது என்பது அதன் சாரம். பதக்கத்தை நாம் படத்தில் பார்க்கிறோம். மூச்சுக்குழலை அறுத்த புகையை எந்தப் படத்தில் பார்ப்பது? இன்னொரு விஷயம்: இவருடைய சகோதரர் மீர் மஸ்த், அதே வருஷம் மார்ச் மாதத்தில் அகழியை விட்டு நழுவி ஜெர்மானியரிடம் போய்விட்டார். பதக்கம் வாங்கும்போது மீர் தஸ்தின் மனத்தில் என்ன ஓடிற்று என்பதையும் படக்காரர் பிடிக்கவில்லை. அவர் 1945 வரை உயிர் வாழ்ந்தார்.

இந்தக் கடிதங்களின் கதையே தனி. பெரும்பாலான சிப்பாய்களுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுதுவிப்பார்கள். நம் கிராமங்களில் தபால்காரரிடம் கடிதம் எழுதுவித்துக் கொண்டவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். பெண்டாட்டிக்கு எழுதவேண்டியதைப் பிறத்தியாரிடம் எப்படிச் சொல்வது? "நாம் சௌக்கியம், நீங்கள் சௌக்கியமா?" என்றுதான் முடியும். இங்கே இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. இந்தியத் தபாலுக்கென்று தனித் தணிக்கை அலுவலகம் ஒன்று இருந்தது. காப்டன் ஹோவெல் என்னும் சிவில் சர்வீஸ் அதிகாரி அதன் தலைவர். சிப்பாய்களின் கடிதங்களைப் பிரித்துப் படித்து, முக்கியமான பகுதிகளை இங்கிலீஷில் பெயர்த்து, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள். பட்டாணியன் நினைத்தது, எழுதுகிறவர் உருதுவில் எழுதி, தணிக்கைக்காரர் இங்கிலீஷில் பெயர்த்து, கடைசியில் நம்மிடம் வந்து சேர்கிறது. மூன்று வடிகட்டியில் வடிந்து வந்த வலி அது. அசல் கடிதங்கள் ஊர் போய்ச் சேர்ந்து அழிந்தன; வடிகட்டியில் தங்கியது லண்டனில் பத்திரமாயிருக்கிறது!

வடிகட்டி உண்டு என்பது சிப்பாய்களுக்குத் தெரியாதா என்ன? ஜாடையாக எழுதினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துவருகிறது, இப்போது சிவப்பு மிளகாய் செலவாகிறது என்று எழுதினால், இந்தியச் சிப்பாய்கள் மாண்டுபோய் வெள்ளைக்காரர்கள் அனுப்பப்படுகிறார்கள் என்று பொருள். சமையலறையிலிருந்து எடுத்த சங்கேதம். தணிக்கைக்காரர்கள் வெகு விரைவில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அவர்களுடைய பெரிய குறை வலிகூட அல்ல; காயம் ஆறியதும் மறுபடி பிரான்ஸுக்கு அனுப்பப்படுவதுதான். ஒருமுறை ரத்தம் சிந்தியவனுக்கு ஊருக்குப் போகும் பாத்தியதை உண்டு என்று அவர்கள் நினைத்தார்கள். சர்க்கார் அப்படி நினைக்கவில்லை. இந்த நிலையில் காயத்தின் மேலேயே சந்தேகம் விழுந்தது. கையில் குண்டு பட்டவர்கள் அதிகமாயிருக்கிறார்களே, தாங்களே சுட்டுக்கொண்டார்களோ என்று மேலதிகாரிகள் கிசுகிசுத்தார்கள். கிச்சனர் ஆஸ்பத்திரியின் தலைவர் கர்னல் புரூஸ் ஸீட்டன் 1915-இல் ஆயிரம் காயங்களை ஒவ்வொன்றாய்ப் பரிசோதித்து ஓர் அறிக்கை எழுதினார். அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை என்பது அவர் கண்ட முடிவு. ஆயிரம் பேருடைய உடம்பை அளந்து பார்த்த பிறகுதான் அவர்கள் யோக்கியர்கள் என்று ஏற்பட்டது! வலிக்கிறது என்று ஒருவன் சொல்லும்போது எதிரே இருப்பவர் நம்பாமற் போனால் அதைவிடத் தனிமை உண்டா?

அதே கர்னலின் ஆஸ்பத்திரியைச் சுற்றி முள்கம்பி வேலி இருந்தது, காவல் இருந்தது. நோயாளிகள் மட்டுமல்ல, இந்தியச் சிப்பந்திகளும் இஷ்டம்போல் ஊருக்குள் போக முடியாது. சிறை போலிருக்கிறது என்ற மனக்குமுறலில், அங்கே வேலை பார்த்த இந்தியத் துணை வைத்தியர் ஒருவர் கர்னலைச் சுட்டுக் கொல்லவே முயன்று தண்டனை அடைந்தார்.

வேலிக்கு என்ன காரணம் என்று கேட்டால் ஒரு புகைப்படத்தைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. 1915 மே மாதத்தில் 'டெய்லி மெயில்' பத்திரிகையில் ஒரு படம் வெளிவந்தது. படுக்கையில் ஓர் இந்திய வீரர். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தாதி நிற்கிறாள். அவ்வளவுதான். சீமையில் ஒரே அமர்க்களம்! கறுப்பு மனிதனின் படுக்கையருகே வெள்ளைப் பெண்ணா? இந்திய ஆஸ்பத்திரிகளிலிருந்து தாதிகளை விலக்கும்படி உத்தரவு பிறந்தது. போர்க்களத்தின் கோரத்தை எந்தப் படமும் காட்டி யாரும் கலங்கவில்லை. ஒருவனுக்குப் பக்கத்தில் ஒருத்தி நின்றது ஆபாசமாகிவிட்டது. வலியோடு கிடப்பவனுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்பது என்பது மருந்தில் பாதி என்று நம் டாக்டர் சொல்கிறார்.

போர்க்களத்தின் படங்கள் வராததற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் ஆரம்பத்திலேயே அகழிகளில் காமரா வைத்திருக்கக்கூடாது என்று தடுத்துவிட்டது. பிரான்ஸ் போர்முனைக்கு எர்னெஸ்ட் புரூக்ஸ் என்பவரை முதல் அதிகாரபூர்வமான படக்காரராக நியமித்தது 1916-இல்தான். அதற்குள் இந்தியக் காலாட்படையில் பெரும்பகுதி பிரான்ஸை விட்டு மெஸபொடேமியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டது. ஈப்ரேயிலும், 1915 மார்ச்சில் நூவே ஷாபேலிலும், செப்டம்பரில் லூஸிலும் நம்மவர்கள் விழுந்தபோது படம் எடுக்க ஆள் இல்லை. நூவே ஷாபேலில் மட்டும் சில நாட்களுக்குள் இந்தியப் படையில் மாண்டவர்களும் காயமடைந்தவர்களும் சுமார் 4,000 பேர். 1915 கோடையில் கிர்ட்வுட் என்ற படக்காரர் அனுமதி பெற்று வந்து இந்தியப் படைகளை நிறையப் படம் எடுத்தார். அகழியில் உட்கார்ந்து ரொட்டி சுடுவது, துப்பாக்கி துடைப்பது, பாண்டு வாசிப்பது. சில சண்டைக் காட்சிகளைப் பின்புறத்தில் நடித்துக் காட்டச் சொல்லி எடுத்தார். நாடகத்தில் யாருக்கும் வலிப்பதில்லை.

இங்கே ஒரு சிறிய கிளைக் கதை. யுத்தம் பிரகடனமான சில தினங்களுக்குள் தென்னாப்பிரிக்காவிலிருந்து லண்டன் வந்து இறங்கிய காந்திஜி, அங்கிருந்த இந்திய மாணவர்களைக் கொண்டு காயம்பட்டவர்களுக்கு உதவும் படை ஒன்றைத் திரட்டினார். அதைச் சேர்ந்தவர்கள் நெட்லி என்னும் ஊரில் உள்ள பெரிய ராணுவ ஆஸ்பத்திரியில் இந்தியச் சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்தார்கள். காந்திஜிக்கோ விலாவில் வீக்கம் கண்டு படுத்த படுக்கையாகி, டிசம்பர் மாதம் தாய்நாட்டுக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று. அரண்மனை ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வந்து கொண்டிருந்த அதே மாதம்.

1916 ஆரம்பத்தில் இந்திய ஆஸ்பத்திரி மூடப்பட்டது. பிறகு 1920 வரை அதே கட்டில்களில் கைகால் இழந்த ஆங்கிலச் சிப்பாய்கள் இருந்தார்கள். வெட்டி எடுத்துவிட்ட காலின் பெருவிரல் வலிக்கிறது என்று சொல்வார்களாம் அப்படிப்பட்டவர்கள். இல்லாத விரல் வலிக்கிறது! அதையும் நம்பித்தான் ஆகவேண்டும் என்கிறார் டாக்டர். இந்த விஷயத்தில் கறுப்பு மிளகுக்கும் சிவப்பு மிளகாய்க்கும் வித்தியாசம் இல்லை.

அரண்மனையின் தெற்கு வாசலில் இந்திய மக்களின் அன்பளிப்பாக ஒரு வளைவு நிற்கிறது. 1921 அக்டோபர் 26-ஆம் தேதி பாட்டியாலா மகாராஜா திறந்து வைத்தார். அதன் கீழாக வெளியே வந்து, ஓர் ஓட்டலில் ரொட்டியும் தேநீரும் முடித்துக்கொண்டு, டாக்டரின் மோட்டாரில் மேட்டுக்குப் புறப்பட்டோம். பாட்சம் கிராமத்தைத் தாண்டியதும் மோட்டார் நின்றுவிடுகிறது; பிறகு நடைதான். புல்வெளிச் சரிவில் ஆடுகள் மேய்கின்றன. காற்று வேஷ்டியைப் பிடுங்குகிற காற்று. நல்ல வேளையாக நாம் அன்று கால்சட்டையில் இருந்தோம். சரிவின் நடுவே திடீரென்று ஒரு வெள்ளைக் குடை தெரிகிறது. அதுதான் சத்ரி.

பிரைட்டன் ஆஸ்பத்திரிகளில் இறந்த ஹிந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை இந்த இடத்தில் தகனம் செய்தார்கள். சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். ஞாபகச் சின்னம் ஒன்று வேண்டும் என்ற யோசனையைச் சொன்னவர் தாஸ் குப்தா என்ற இந்திய வைத்திய அதிகாரி. வரைபடம் போட்டவர் ஹென்ரிக்ஸ் என்ற பம்பாய்ச் சிற்பி. மேற்பார்வை பார்த்தவர் ராஜபுதனத்தில் எத்தனையோ மாளிகைகள் கட்டிய ஸர் ஸ்விண்ட்டன் ஜேக்கப். எட்டுத் தூண்களின்மேல் சலவைக்கல் கும்மட்டம். 1921 பிப்ரவரி முதல் தேதி வேல்ஸ் இளவரசர் திறந்து வைத்தார். அதே இளவரசர் அந்த வருஷம் நவம்பரில் பம்பாயில் வந்து இறங்கியபோது கடைகள் அடைத்திருந்தன. ஊர்கள் ஹர்த்தால் அனுஷ்டித்தன. நடுவிலே என்ன நடந்தது என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சிப்பாய்களின் பஞ்சாபில்தான் 1919-இல் ஜாலியன்வாலாபாக் நிகழ்ந்தது.

முஸ்லிம் வீரர்களை வோக்கிங் என்னும் ஊரில் மசூதிக்கருகே அடக்கம் செய்தார்கள். பிற்பாடு அவர்களை வேறொரு கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். இறந்த பிறகும் பிரயாணம்.

சத்ரியின் கதையிலும் ஒரு விபரீதம் உண்டு. இரண்டாவது யுத்தத்தின்போது இந்த மேடுகள் முழுவதையும் ராணுவம் எடுத்துக்கொண்டது. சுடப் பழகிய சிப்பாய்கள் சலவைக்கல்லையும் விட்டுவைக்கவில்லை; குண்டுக் காயங்கள் பட்டன. யுத்தம் முடிந்தபின் அவற்றைச் செப்பனிட்டார்கள். கல்லுக்கு வைத்தியம் சுலபம். 1951 முதல் வருஷந்தோறும் ஜூன் மாதத்தில் இங்கே அஞ்சலிக் கூட்டம் நடந்து வருகிறது.

53 பேருடைய பெயர்கள் மட்டும் வெகுகாலம் எங்கும் இல்லாமலிருந்தன. 2010-இல்தான் பக்கத்தில் ஒரு கல் நாட்டி அவற்றைப் பொறித்தார்கள். நாம் நின்றுகொண்டே எல்லாப் பெயர்களையும் வாய்விட்டுப் படித்தோம். டாக்டரும் கூடப் படித்தார். சில பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று தெரியவில்லை, தெரிந்தவரை சொன்னோம். இவர்களில் யாருடைய முகமாவது காலையில் பார்த்த படங்களில் இருந்திருக்கலாம். கலங்கிய அந்த முகமும் இவர்களில் ஒருவருடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

சத்ரிக்குக் கீழே மூன்று பெரிய கருங்கல் பலகைகள் இருக்கின்றன. சிதைகள் எரிந்த மேடைகளை அவை மூடியிருக்கின்றன. டாக்டர் குனிந்து ஒரு பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நோயாளியின் நெற்றியில் வைப்பது போலவே வைத்தார். ஒன்றும் பேசவில்லை. மழை தூற ஆரம்பித்தது. ஆடுகள் அதைப் பொருட்படுத்தவில்லை, நாம் பொருட்படுத்தினோம்.

ஸ்டேஷனுக்கு வந்தபோது மாலை ஆறு மணி. உள்ளே வந்து ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகலாமே என்று டாக்டரைக் கூப்பிட்டோம்.

"இல்லை, ஸார், எட்டு மணிக்கு டியூட்டி. எங்கள் வார்டில் இருபத்து நாலு படுக்கை. விடிகிற வரைக்கும் எண் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போனார்.